காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை



பட்டுக்குப் பேர்போன நம்ம காஞ்சிபுரம் பாட்டுக்கும் பேர்போனதுதான். அந்தப் பேரை வாங்கித் தந்தவர்களில் ஒருவர் நயினாப் பிள்ளை. இயற்பெயர் சுப்பிரமணியம். 1889-இல் பிறந்தார்.

சின்ன வயசில் அவருக்குக் குஸ்தியில்தான் ஆசை. ஆனால் வீடு பாட்டு வீடு. தாயார் காமாட்சி, தாயின் சகோதரி தனகோடி அம்மாள் இருவருமே பேர்பெற்ற பாடகிகள். அவர்கள் பாட்டைக் கேட்டுக் கேட்டே இவரும் பாடகரானார்.

அவர் கச்சேரிக்கு ‘ஃபுல் பெஞ்ச்’ என்று பேர். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் எல்லாம் மேடை நிறைய இருக்கும். இத்தனை பேரில் ஒருத்தர் பிசகினாலும் கச்சேரி கலைந்துவிடும். மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ராவை ஒருவர் கையில் சின்னக் குச்சியோடு நின்று நடத்துவார். இங்கே அந்த வேலையைச் செய்தது பிள்ளையின் கைத்தாளம். தனி ஆவர்த்தனத்தில் ஒவ்வொருத்தருக்கும் முறை கொடுப்பார். வாசித்து முடித்ததும், விட்ட இடத்தில் எல்லாரும் ஒண்ணா வந்து சேரணும். பல்லவியில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பாங்க.

1934-இல், நடுவயசிலேயே காலமானார். அவர் குரல் இசைத்தட்டில் இல்லை. வித்தை மட்டும் நின்றது. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவர் சீடர். வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தா, முக்தா அவரிடம் பாடம் கற்றார்கள். காஞ்சிபுரத்துப் பெண் டி.கே. பட்டம்மாள் சிறுமியாக அவர் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தார். பல்லவி ஆம்பளைங்க சமாச்சாரம் என்றிருந்த காலத்தில் மேடையேறிப் பல்லவி பாடிக் காட்டினார்.

வீட்டுப் பெண்களிடமிருந்து அவர் வாங்கிய வித்தை, இப்படித் திரும்பவும் பெண்கள் கைக்கே வந்து சேர்ந்தது.