எல்லைக்குள் ஜெயித்த டாம் தாத்தா

குட்டீஸ்! ஸ்ரீரங்கத்துச் சந்துகளில் கிரிக்கெட் ஆடியிருக்கிறீர்களா? திண்ணையில் பட்டால் இரண்டு ரன். காம்பவுண்டு சுவரைத் தாண்டி யார் வீட்டுக்குள்ளாவது பந்து விழுந்தால் அவுட்! எவ்வளவு பலமாக அடித்திருந்தாலும் அவுட்தான். அடித்தவனே போய், திட்டு வாங்கிக்கொண்டு பந்தை எடுத்து வர வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதியது யார்? ஒருவரும் இல்லை. சந்து குறுகல், இரண்டு பக்கமும் வீடுகள். அந்த இடமே சட்டத்தை எழுதிவிட்டது.

உலகத்தின் பெரிய விளையாட்டு ஒன்றும் இப்படித்தான் வளர்ந்தது. அதுதான் கோல்ப். இடத்துக்கு ஏற்றபடி அந்த மைதானங்களை அமைத்துக் காட்டிய ஒரு தாத்தாவின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் டாம் மாரிஸ். ஸ்காட்லாந்து நாட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடற்கரை ஊரில் 1821ஆம் ஆண்டு பிறந்தார். நம் உறையூரில் தறி ஓடுமே, அதுபோல அவர் வீட்டிலும் நெசவுதான் தொழில். வசதி இல்லாத குடும்பம்.

கோடையில் காவிரிப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். மணல் திட்டு, நடுவே புல், ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர். செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரையும் ஏறக்குறைய அப்படிப்பட்ட மணல் பூமி. உழவுக்கு உதவாது. அதனால் ஊர் மக்கள் அங்கே கோல்ப் ஆடினார்கள். சின்னப் பந்தை மட்டையால் அடித்து, தூரத்தில் உள்ள குழியில் விழ வைக்க வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர்.

சிறுவன் டாம், ஆலன் ராபர்ட்சன் என்ற பெரிய ஆட்டக்காரரிடம் பந்து செய்யும் வேலைக்குச் சேர்ந்தான். அந்தக் காலப் பந்து எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு தொப்பி நிறைய வாத்து இறகை வேகவைத்து, சின்னத் தோல் பைக்குள் திணித்துத் தைப்பார்கள். நாள் முழுக்க உழைத்தாலும் மூன்று நான்கு பந்துதான் செய்ய முடியும். விலையும் அதிகம்.

1848 வாக்கில் புதுப் பந்து வந்தது. மலேயா பக்கத்து மரத்தின் பாலில் செய்த பந்து. மலிவானது, உறுதியானது. தன் பிழைப்பே போய்விடும் என்று ராபர்ட்சன் அதை வெறுத்தார். ஒருநாள் டாம் அந்தப் பந்தில் ஆடுவதை அவர் பார்த்துவிட்டார். அவ்வளவுதான்! குருவும் சீடனும் பிரிந்தார்கள்.

வேலை போன டாம் துவண்டுவிட்டாரா? இல்லை. 1851ல் பிரெஸ்ட்விக் என்ற ஊரில் புதிய மைதானம் அமைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. ஆனால், இடமோ சிறியது. ஒரு பக்கம் ரயில் பாதை, மறு பக்கம் கடல். நடுவில் மணல் மேடுகள். மேட்டை வெட்டிச் சமன் செய்ய இயந்திரமும் இல்லை. டாம் என்ன செய்தார் தெரியுமா? அந்த இடத்தை நடந்து நடந்து பார்த்தார். மேட்டை மேடாகவே விட்டார், பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டார். அவற்றையே ஆட்டத்தின் சவால்களாக மாற்றினார். இடம் போதாததால் ஒரு பாதை இன்னொன்றைக் குறுக்கே வெட்டும்படி 12 குழிகளை அமைத்தார்.

1860ல் அந்த மைதானத்தில்தான் முதல் ஓபன் சாம்பியன்ஷிப் போட்டி நடந்தது. கலந்துகொண்டவர்கள் எட்டே பேர்! டாம் இரண்டு அடிகள் வித்தியாசத்தில் வில்லி பார்க்கிடம் தோற்றார். ஆனால் 1861, 1862, 1864, 1867 என நான்கு முறை கோப்பைக்குப் பதிலாகத் தந்த தோல் பெல்ட்டை வென்றார். கடைசியாக வென்றபோது வயது 46. இந்தப் போட்டியை அதைவிட அதிக வயதில் இன்றுவரை யாரும் வென்றதில்லை.

இப்போது நம் சந்து கிரிக்கெட்டுக்கு வருவோம். பிரெஸ்ட்விக்கில் முதல் குழியின் வலப்பக்கம் ஒரு கல்சுவர். அதற்கு அப்பால் ரயில் பாதை. பந்து சுவரைத் தாண்டினால் எல்லைக்கு வெளியே. வழக்கமான விதிப்படி, ஓர் அடி அபராதம். அதோடு, முதலில் அடித்த இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அடிக்க வேண்டும். முதல் அடி ஒன்று, அபராதம் இரண்டு, திரும்ப அடிப்பது மூன்றாவது அடி! ஆனால் முழுப் பந்தும் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். கொஞ்சம் உள்ளே இருந்தாலும் தப்பித்துவிடும். டாம் காலத்தில் சங்கத்துக்குச் சங்கம் விதி மாறியது. பொது விதிகளுக்கென்று ஒரு குழு 1897ல்தான் அமைந்தது.

சில ஆண்டுகளில் சொந்த ஊரே டாமைத் திரும்ப அழைத்தது. மைதானக் காவலர் வேலை. புதர்களை வெட்டினார். மணலைத் தூவிப் புல்லைச் செழிக்க வைத்தார். ஞாயிறன்று மைதானத்துக்கும் ஓய்வு வேண்டும் என்று ஆட்டத்தை நிறுத்தினார். இன்றும் அங்கே பெரும்பாலான ஞாயிறுகளில் ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் காலார நடக்கிறார்கள்.

அவர் மகன் பெயரும் டாம்தான். 1868ல், 17 வயதில் சாம்பியன் ஆனான். அடுத்த ஆண்டு மகன் முதலிடம், அப்பா இரண்டாமிடம்! ஆனால் 1875ல் பிரசவத்தின்போது மகனின் மனைவியும் குழந்தையும் இறந்தார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், 24 வயது மகனும் இறந்துபோனான். அந்த அப்பாவின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆனாலும் டாம் தாத்தா மைதானத்துக்குத் திரும்பினார். 1903 வரை அதைப் பராமரித்தார். ஊர் ஊராகப் போய் மைதானங்கள் அமைத்தார். 1891ல் அமைத்த மியூர்பீல்டு அவற்றில் புகழ்பெற்றது. அவர் வாழ்ந்த காலத்திலேயே கோல்ப் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. கல்கத்தாவில் 1829லும், நம் கொடைக்கானலில் 1895லும் கோல்ப் சங்கங்கள் தொடங்கின.

1908ல் மாடிப்படியில் தவறி விழுந்து தாத்தா இறந்தார். மகன் உறங்கும் அதே கல்லறைத் தோட்டத்தில் அவரும் உறங்குகிறார்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் கடைசிக் குழியான 18வது குழிக்கு டாம் மாரிஸ் என்றே பெயர். அதன் வலப்பக்கம் ஒரு வெள்ளை வேலி, அப்பால் சாலை. சாலையோரம் தாத்தாவின் கடை இன்றும் இருக்கிறது. அவர் கடை வாசலுக்குப் பந்தை அடித்தால், எப்பேர்ப்பட்ட சாம்பியனுக்கும் அபராதம்தான்!

குட்டீஸ், அடுத்த முறை ஆட இடம் சின்னதாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளும்போது டாம் தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரையும் திண்ணையையும் வைத்தே நல்ல ஆட்டம் ஒன்றை அமைக்க முடியாதா என்ன?