சொல்வதை நிறுத்தாத தாவூத்ஷா

நூஹ் நபி (அலை) அவர்கள் 950 ஆண்டுகள் தம் மக்களிடையே இருந்து அழைத்தார்கள்; செவிசாய்த்தோர் சிலரே. மர்ஹூம் பா. தாவூத்ஷா சாஹிப் வாழ்வும் நமக்கு அதையே நினைவூட்டுகிறது.

1885-இல் தஞ்சை ஜில்லாவில் பிறந்த அவர், சப்-மாஜிஸ்திரேட் உத்தியோகத்தை உதறிவிட்டுச் சமுதாயப் பணிக்கு வந்தார். "தாருல் இஸ்லாம்" பத்திரிகையை நடத்தினார். குர்ஆனின் பொருளைத் தமிழில் அறியவேண்டும், குத்பா மக்களுக்கு விளங்கவேண்டும், பெண்மக்கள் படிக்கவேண்டும் என்றார். உலமாக்கள் பலர் வெகுண்டனர். காபிர் என்று ஃபத்வாவும் வந்தது. பத்திரிகை நிற்கவில்லை. 1969-இல் மறைந்தார்.

அவர் கருத்து அனைத்தையும் நாம் ஒப்புவதில்லை. ஆயினும், தோட்டத்துக் கடையில் பாக்கி கேட்டால் முகம் திருப்புவோர் உண்டு. அதற்காகக் கேட்காமல் விடுகிறோமா? பாக்கிக்குள்ள உறுதி நல்ல சொல்லுக்கும் வேண்டாமா?

அல்லாஹ் அன்னாரின் பிழை பொறுத்து நற்பணியை ஏற்பானாக. ஆமீன்.