யார் இந்த சரண்ஜித் சிங்? 28 வருஷம் கழித்து ஹிட்டான ராக டிஸ்கோ!

மும்பை சினிமா பாட்டுகளுக்கு கிடார், கீபோர்டு வாசித்தவர் சரண்ஜித் சிங். 1982ல் ரோலண்ட் கம்பெனியின் டிரம் மெஷினையும் 2 சிந்தசைசர்களையும் இணைத்து, யமன் (நம்மூர் கல்யாணி), மால்கௌன்ஸ் (ஹிந்தோளம்) என 10 ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். ஆல்பம் போணியாகல.

2010ல் நெதர்லாந்து நிறுவனம் ஒன்று அதை மறுபடி வெளியிட்டதும் உலகமே திரும்பிப் பார்த்தது. ஏன்? அவர் வாசித்த அதே டிபி-303 மெஷினை வைத்துத்தான் 1987ல் சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' பிறந்தது! உடனே, 'இவர்தான் முன்னோடி' என்ற கதை பரவியது.

ஆனா சிகாகோ கலைஞர்கள் இவர் இசையைக் கேட்டதற்கு ஆதாரம் இல்லை. இசை மாறல, சேர்ந்தது பின்கதை மட்டும்தான். அதுதான் 70 வயதைத் தாண்டியவரை ஐரோப்பிய மேடைகளில் ஏற்றியது.

2015ல் மும்பையில் காலமானார். அவருக்கு உண்மைக் கதையே போதும்: புது மெஷின் கிடைத்ததும் ராகம் வாசித்துப் பார்த்தவர்.