வைட்டல் பிரேசில்

வைட்டல் பிரேசில் (ஏப்ரல் 28, 1865 – மே 8, 1950) பிரேசில் நாட்டு மருத்துவரும் நச்சியல் ஆய்வாளரும் ஆவார். ஒரு பாம்பின் நஞ்சை முறிக்க, அதே இனப் பாம்பின் அல்லது அதற்கு நெருங்கிய இனத்தின் நஞ்சிலிருந்து உருவாக்கிய மருந்தே உதவும் என்பதை நிறுவியவர். சாவோ பாவுலோ நகரிலுள்ள புட்டாண்டான் நிறுவனத்தின் முதல் இயக்குநர் இவரே. உழவர்கள் உயிருடன் பிடித்து அனுப்பும் பாம்புகளுக்கு மாற்றாக மருந்து வழங்கும் முறையை நடத்தியதற்காகவும் அறியப்படுகிறார்.

பிறப்பும் கல்வியும்

மினாஸ் செராய்சு மாநிலத்தின் கம்பான்யா என்ற ஊரில் பிறந்தார். இவருடைய முழுப்பெயர் வைட்டல் பிரேசில் மினேய்ரோ தா கம்பான்யா. பிறந்த நாளுக்குரிய புனிதர், நாடு, மாநிலம், ஊர் ஆகிய நான்கையும் சேர்த்துத் தந்தை இப்பெயரை இட்டார். குடும்பப் பெயர் இதில் இல்லை. எளிய குடும்பம் ஆதலால், வேலை பார்த்துக்கொண்டே ரியோ டி செனீரோவில் மருத்துவம் பயின்று 1891 இல் பட்டம் பெற்றார். பின்னர் சாவோ பாவுலோ மாநிலத்தில் பொது நலவாழ்வுப் பணியில் சேர்ந்து, கொள்ளைநோய்கள் பரவிய ஊர்களில் பணியாற்றினார்.

பொட்டுக்காட்டு

1895 இல் பொட்டுக்காட்டு என்ற ஊரில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். அப்பகுதியில் காடுகளை அழித்துக் காப்பித் தோட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன. வெறுங்காலுடன் வேலை செய்த தோட்டத் தொழிலாளர் பலர் பாம்புக்கடியால் இறந்தனர். நாட்டு வைத்தியர்கள் பயன்படுத்திய மூலிகைகளை இவர் முதலில் ஆராய்ந்தார். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. அக்காலத்தில் பிரான்சு நாட்டு அறிவியலாளர் ஆல்பர்ட் கால்மெட் நாகப்பாம்பின் நஞ்சிற்கு எதிரான சீரத்தை உருவாக்கியிருந்தார். அச்செய்தி இவரது ஆய்வின் திசையை மாற்றியது.

மருந்தின் தனித்தன்மை

1897 இல் சாவோ பாவுலோவுக்குத் திரும்பி, அடால்போ லூட்சு தலைமையிலான நுண்ணுயிரியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1899 இல் சாந்தோசு துறைமுகத்தில் பிளேக் நோய் பரவியபோது அங்கு அனுப்பப்பட்டார். அந்நோய் இவரையும் தொற்றியது, ஆயினும் உயிர் பிழைத்தார். பிளேக் மருந்து தயாரிப்பதற்காக நகருக்கு வெளியே புட்டாண்டான் என்ற பண்ணையை மாநில அரசு வாங்கியது. 1901 பெப்ரவரியில் அது தனி நிறுவனமாக்கப்பட்டு இவரது பொறுப்பில் விடப்பட்டது.

பிளேக் பணியுடன் பாம்பு ஆய்வையும் தொடர்ந்தார். கால்மெட்டின் சீரம் எல்லாப் பாம்புகளின் நஞ்சையும் முறிக்கும் என்று அப்போது நம்பப்பட்டது. பிரேசிலின் சராராக்கா விரியன், கிலுகிலுப்பைப் பாம்பு ஆகியவற்றின் நஞ்சுக்கு அது பயன்படவில்லை என்பதை இவர் சோதனைகளால் காட்டினார். குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றி, அவற்றின் குருதியிலிருந்து இவ்விரு வகைகளுக்கும் தனித்தனிச் சீரம் எடுத்தார். கடித்த பாம்பு எதுவென்று தெரியாதபோது பயன்படுத்த இரண்டையும் கலந்த சீரமும் தயாரிக்கப்பட்டது.

பாம்புக்கு மாற்றாக மருந்து

நஞ்சு வேண்டுமானால் உயிருள்ள பாம்புகள் வேண்டும். அவையும் தொடர்ந்து வேண்டும், ஏனெனில் அக்காலத்தில் கூண்டில் அடைபட்ட பாம்புகள் நெடுநாள் வாழவில்லை. இதற்கு இவர் கண்ட வழியே இவரது பணிகளில் மிகவும் கவனிக்கத்தக்கது எனலாம். நிறுவனம் உழவர்களுக்கு மரப்பெட்டிகளையும், பாம்பைத் தொடாமல் பிடிப்பதற்கான கண்ணிக் கோலையும் அனுப்பியது. பிடித்த பாம்புகளைத் தொடர்வண்டி நிறுவனங்கள் கட்டணமின்றி ஏற்றிவந்தன. அனுப்பியவருக்குப் பணத்திற்குப் பதிலாக மருந்துக் குப்பிகளும், போதிய எண்ணிக்கையில் அனுப்பியவருக்கு ஊசிக்குழலும் கிடைத்தன. மருந்துடன் ஒரு படிவமும் சென்றது. யாரை, எந்தப் பாம்பு, உடலில் எங்கே கடித்தது, முடிவு என்ன என்பவற்றை அதில் நிரப்பி அனுப்பவேண்டும்.

அதே காலத்தில் பிரித்தானிய இந்தியாவில் கொன்ற பாம்புகளுக்குப் பணப்பரிசு வழங்கப்பட்டு வந்தது. பிரேசிலின் முறையில் இறந்த பாம்பைவிட உயிருள்ள பாம்பு பயனுடையதாயிற்று. நச்சுப் பாம்பையும் நஞ்சற்ற பாம்பையும் பிரித்தறியவும் உழவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது.

எனினும் இதனை இன்றைய பொருளில் பாம்புப் பாதுகாப்பு என்று கூற இயலாது. பிடிபட்ட பாம்புகள் காட்டுக்குத் திரும்பவில்லை. எத்தனை பாம்புகளைப் பிடிக்கலாம் என்ற வரம்பும் இருக்கவில்லை. மனித உயிரைக் காப்பதே இவரது நோக்கமாக இருந்தது.

முசுரானா

பிற பாம்புகளை, குறிப்பாகச் சராராக்காவை, உண்ணும் முசுரானா என்ற பாம்பில் இவர் தனி ஈடுபாடு காட்டினார். மனிதருக்குத் தீங்கு செய்யாத இப்பாம்பைக் கொல்லாமல் காக்கவேண்டும் என்று வலியுறுத்தினார். 1913 இல் அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் புட்டாண்டானுக்கு வந்தபோது, முசுரானா நச்சுப் பாம்பை விழுங்குவதை அவருக்குக் காட்டினர். அவர் இதனைத் தம் பயண நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

நியூயார்க் நிகழ்வு

1916 இல் இவர் அமெரிக்காவில் இருந்தபோது, நியூயார்க்கின் பிராங்சு விலங்குக் காட்சிச்சாலை ஊழியர் ஒருவரைக் கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தது. பிற சிகிச்சைகள் பயன் தராத நிலையில், இவர் உடன் கொண்டுவந்திருந்த சீரத்தைச் செலுத்த, அவர் பிழைத்தார். இந்நிகழ்வு இவரது பெயரைப் பிரேசிலுக்கு வெளியேயும் பரப்பியது.

பிற்காலம்

1911 இல் பாம்புக்கடித் தடுப்பு பற்றிய இவரது நூல் வெளிவந்தது. 1919 இல் புட்டாண்டானை விட்டு விலகி, நிட்டெரோய் நகரில் தம் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1924 முதல் சில ஆண்டுகள் மீண்டும் புட்டாண்டானில் பணியாற்றினார். 1950 இல் ரியோ டி செனீரோவில் காலமானார். 1990களின் தொடக்கத்தில் புழங்கிய 10,000 குருசெய்ரோ பணத்தாளில் இவரது உருவம் இடம்பெற்றது.

இவர் மறைந்தபின், 1967 ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் காட்டு விலங்குகள் அனைத்தையும் அரசின் உடைமையாக்கி, அவற்றைப் பிடிப்பதையும் விற்பதையும் தடைசெய்தது. அறிவியல் ஆய்வுக்குப் பிடிப்பதற்கும் உரிமம் தேவையாயிற்று. 1975 இல் பிரேசில், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையிலும் இணைந்தது.

உழவர்கள் அனுப்பிய பாம்புகளில் இறந்தவை புட்டாண்டானில் பதப்படுத்தி வைக்கப்பட்டன. எந்தப் பாம்பு எந்த ஊரில் வாழ்ந்தது என்பதை அறிய அவை சான்றாக இருந்தன. பின்னாளில் தோட்டங்களாகவும் நகரங்களாகவும் மாறிவிட்ட இடங்களின் பாம்புகளும் அவற்றுள் அடங்கும். ஏறத்தாழ 80,000 பாம்புகளைக் கொண்டிருந்த அத்தொகுப்பின் பெரும்பகுதி, 2010 மே 15 அன்று ஏற்பட்ட தீயில் எரிந்துபோனது.