எதிர் வரிசையில் நின்ற ஏந்தல் ழான் ழோரெஸ்

ஆள்வோரை எதிர்ப்பவன் நாட்டையே எதிர்ப்பவன் என்னும் எண்ணம் பிரான்சு நாட்டில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. 1789ஆம் ஆண்டுப் புரட்சி மக்களாட்சிக்கு வித்திட்டது உண்மையே. ஆயினும், அப்புரட்சியாளர்களே கட்சி என்பதைப் பிளவு என்றும், மாற்றுக் கருத்தைத் துரோகம் என்றும் கருதினர். தொழிலாளர் சங்கம் அமைப்பதை 1791இல் சட்டமியற்றித் தடுத்தனர். 1793இல் ஜிரோந்தின் அணித் தலைவர்கள் கொலைக்களத்தில் உயிரிழந்தனர். 20 பேருக்கு மேற்பட்டோர் சங்கமாகச் சேர அரசின் இசைவு வேண்டும் என்றது, நெப்போலியன் காலத்து 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம். இந்நிலை மாற உழைத்த பெருமக்களுள் ழான் ழோரெஸ் குறிப்பிடத்தக்கவர்.

அவர் 1859 செப்டம்பர் 3ஆம் நாள், தென் பிரான்சில் தார்ன் மாவட்டத்துக் காஸ்த்ர் நகரில் பிறந்தார். வசதி குறைந்த குடும்பம்; உதவித்தொகையே அவரைப் பாரிசு நகரின் கல்விக்கூடங்களுக்குக் கொண்டு சேர்த்தது. 1878இல் புகழ்பெற்ற எக்கோல் நோர்மால் உயர்கல்லூரியின் நுழைவுத் தேர்வில் முதலிடம் பெற்றார். ஆல்பி நகரில் மெய்யியல் ஆசிரியராகவும், பின்னர்த் துலூஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும் பணியாற்றினார். 1885இல், 26 வயதில், நாடாளுமன்ற உறுப்பினரானார். 1889இல் தோல்வியுற்றதும் மீண்டும் ஆசிரியப் பணிக்கே திரும்பினார்.

அவர் வாழ்வைத் திருப்பியது கார்மோ நிலக்கரிச் சுரங்கம். அங்கே பணியாற்றிய கால்விஞ்ஞாக் என்னும் தொழிலாளரை மக்கள் 1892இல் நகரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அப்பதவிக் கடமைகளுக்காக அவர் விடுப்புக் கேட்டபோது நிறுவனம் அவரை வேலையினின்றும் நீக்கியது. தொழிலாளர் வாக்களிக்கலாம், ஆனால் தொழிலாளி தலைவனாகலாகாது என்பதே இதன் பொருள். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு படையை அனுப்பியது. ழோரெஸ் தொழிலாளர் பக்கம் நின்றார். இறுதியில் கால்விஞ்ஞாக் மீண்டும் வேலையில் சேர்க்கப்பட்டார். 1893 சனவரியில் அத்தொகுதி மக்கள் ழோரெஸைச் சோசலிச உறுப்பினராக மன்றத்திற்கு அனுப்பினர்.

யூதரான படை அதிகாரி திரைஃபுஸ், செய்யாத குற்றத்திற்காக 1894இல் தண்டிக்கப்பட்டார். இஃது முதலாளி வர்க்கத்தின் உட்பூசல் என்று சோசலிசத் தலைவர் பலர் ஒதுங்கினர். ழோரெஸோ, அநீதிக்கு ஆளானவன் எவ்வகுப்பினன் ஆயினும் அவனுக்காகக் குரல் கொடுப்பதே கடமை எனத் துணிந்தார். 1898இல் தேர்தலில் தோற்ற நிலையிலும், சான்றுகளை ஆராய்ந்து தொடர் கட்டுரைகள் எழுதினார். 1906இல் திரைஃபுஸ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று.

இதனிடையே, 1901 சூலையில் வந்த சட்டம் சங்கம் அமைக்கும் உரிமையை மக்களுக்கு வழங்கியது. கட்சிகள் முறையாக அமைய வழி பிறந்தது. 1902இல் மீண்டும் மன்றம் புகுந்த ழோரெஸ், 1904இல் லுமானித்தே நாளிதழைத் தொடங்கினார். முதலாளித்துவ அரசுகளில் பங்கேற்றல் கூடாது என அவ்வாண்டு ஆம்ஸ்டர்டாம் மாநாடு முடிவு செய்தது. அம்முடிவு அவர் கருத்துக்கு மாறானது. எனினும் அதனை ஏற்று, 1905இல் பிளவுபட்ட சோசலிசக் குழுக்கள் ஒரே கட்சியாக இணைய உழைத்தார்.

குடியரசுக்கு ஊறு நேர்ந்தபோது அரசுக்குத் துணை நின்றவர் அவர். தொழிலாளர் ஒடுக்கப்பட்டபோது கிளெமான்சோவின் அரசை மன்றத்தில் வன்மையாக எதிர்த்தவரும் அவரே. 1913இல் படைப்பணிக் காலத்தை மூன்றாண்டாக்கிய சட்டத்தை எதிர்த்தார். நாட்டைக் காக்கும் மாற்றுத் திட்டத்தையோ 1911இலேயே நூலாக எழுதியிருந்தார். குறை கூறுவதோடு நில்லாது மாற்றும் கூறுவதே அவர் கண்ட எதிர்க்கட்சி நெறி.

பழைய நஞ்சு முற்றும் நீங்கவில்லை. போரைத் தடுக்க முயன்றவரைத் துரோகி எனத் தூற்றினர். 1914 சூலை 31 இரவு, பாரிசு உணவகம் ஒன்றில் ரவூல் விலேன் என்பவன் அவரைச் சுட்டுக் கொன்றான். 1919இல் நீதிமன்றம் கொலையாளியை விடுதலை செய்தது. வழக்குச் செலவு ழோரெஸின் மனைவிமேல் சுமத்தப்பட்டது. ஆயினும், 1924இல் நாடு அவர் உடலைப் பெருமக்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்தில் வைத்துப் போற்றியது.

பிரெஞ்சு மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் போராடிப் பெற்ற சங்க உரிமையை, அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு நமக்கு அளித்துள்ளது. வெள்ளி விழாக் காணும் நம் சங்கமும் அவ்வுரிமையின் நிழலில் வளர்ந்ததே. கற்றல், ஒன்று சேர்தல், அஞ்சாது மறுத்துரைத்தல், தோற்றாலும் மக்களைவிட்டு நீங்காமை ஆகிய இந்நான்கையும் ழோரெஸின் வாழ்வினின்றும் நம் இளைஞர் கைக்கொள்வாராக!