பழியை வென்ற பணி

நுழையும்முன்

கொள்ளைநோய்க் காலம் அறிவியலாளரை நெருக்குகிறது. ஆண்டுக்கணக்கில் செய்யவேண்டிய ஆய்வை மாதக்கணக்கில் முடிக்குமாறு பணிக்கிறது. அந்நெருக்கடியில் ஓர் அறிஞர் ஆற்றிய பணியையும், அவர் சுமக்க நேர்ந்த பழியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

வால்டமார் ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், உருசியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ஒடெசா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மெச்னிகோவ் என்னும் பேரறிஞரிடம் விலங்கியல் பயின்றார். மதம் மாறினால் உயர்பதவி கிட்டும் என்ற நிலை இருந்தும் அதற்கு அவர் உடன்படவில்லை. 1888இல் தாய்நாட்டை விட்டு வெளியேறி ஜெனிவாவிலும், பின்னர்ப் பாரிசிலும் தங்கினார். புகழ்பெற்ற பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்கு முதலில் கிடைத்தது துணை நூலகர் பணியே. ஓய்வு நேரங்களை ஆய்வகத்தில் செலவிட்டு, காலராவுக்குத் தடுப்பூசி கண்டார். 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அதனைத் தம் உடலிலேயே செலுத்தி ஆய்ந்தார். மறு ஆண்டே காலரா மிகுந்திருந்த இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவிலும் பிற இடங்களிலும் பல்லாயிரவருக்குத் தடுப்பூசி செலுத்தினார்.

பம்பாயில் மூன்று மாதங்கள்

1894இல் ஹாங்காங்கைத் தாக்கிய பிளேக், 1896இல் பம்பாயில் கால்கொண்டது. மக்கள் கூட்டம் கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். அரசின் அழைப்பை ஏற்று அக்டோபரில் அங்கு வந்த ஹாஃப்கினுக்குக் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு அறையும், எழுத்தர் ஒருவரும், சேவகர் மூவரும் மட்டுமே அளிக்கப்பட்டனர்.

பிளேக் கிருமிகளை இறைச்சிச் சாற்றில் வளர்த்தார் ஹாஃப்கின். அச்சாற்றின்மேல் சிறிது நெய் இட்டபோது, மிதக்கும் நெய்த்துளிகளைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுதுகளைப்போல் தொங்கி வளர்ந்தன. இம்முறையால் கிருமிகளைப் பேரளவில் பெற முடிந்தது. அவற்றை வெப்பத்தால் கொன்று தடுப்பூசியாக்கினார். ஓய்வற்ற அவ்வுழைப்பைத் தாங்க இயலாமல் உதவியாளர் ஒருவர் மனம் தளர்ந்து நோயுற்றார். வேறு இருவர் விலகினர். ஹாஃப்கின் மட்டும் விலகவில்லை. மூன்றே மாதங்களில் மருந்து உருவாயிற்று. 1897ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் அதனை முதலில் தமக்கே செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் தோன்றி மறைந்தன.

அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்தது. முன்வந்த கைதிகளுக்கு ஊசி செலுத்தப்பட்டது. ஊசி செலுத்திக்கொண்டோரிடையே நோய் வெகுவாகக் குறைந்திருந்தது கண்டறியப்பட்டது. ஊசியைப் பற்றிய அச்சமும் வதந்திகளும் மக்களிடையே நிலவிய அக்காலத்தில், ஆகாகான் முன்வந்து ஊசி செலுத்திக்கொண்டதோடு, ஆய்வகத்துக்கு இடமும் தந்து உதவினார். 1899இல் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகையில் பிளேக் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டு, ஹாஃப்கினின் பொறுப்பில் இயங்கலாயிற்று.

ஒரு குப்பியின் துயரம்

1902இல் பஞ்சாபில் பெருந்திரளான மக்களுக்குத் தடுப்பூசி செலுத்தும் பணி தொடங்கிற்று. அக்டோபர் 30ஆம் நாள் மால்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேர் ஊசி செலுத்திக்கொண்டனர். அவர்களுள் 19 பேர் இரணஜன்னி கண்டு இறந்தனர். அப்பத்தொன்பது பேருக்கும் செலுத்தப்பட்ட மருந்து ஒரே குப்பியிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

நோயிலிருந்து காக்க வந்த மருந்தே உயிரைப் பறித்தது என்னும் துயரச் செய்தி பரவியது. மருந்து விரைவாகவும் மிகுதியாகவும் தேவைப்பட்டமையால், கார்பாலிக் அமிலம் சேர்க்கும் பழைய முறையை விடுத்து, வெப்பத்தால் மட்டும் தூய்மை செய்யும் முறையை ஹாஃப்கின் கையாண்டிருந்தார். இம்மாற்றமே அவருக்கு எதிரான குற்றச்சாட்டாயிற்று. விசாரணைக் குழு தவறு ஆய்வகத்திலேயே நேர்ந்திருக்க வேண்டும் என முடிவு செய்தது. அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டு இலண்டன் சென்றார்.

வெளிப்பட்ட உண்மை

விசாரணைச் சான்றுகள் ஹாஃப்கினுக்கு ஆதரவாகவே இருந்தன. ஊசி செலுத்திய அன்று, குப்பியைத் திறக்கப் பயன்பட்ட இடுக்கி கைதவறித் தரையில் விழுந்திருந்தது. அது முறையாகத் தூய்மை செய்யப்படாமலே மீண்டும் பயன்படுத்தப்பட்டது. மேலும், குப்பியைத் திறந்தபோது கெட்ட நாற்றம் ஏதும் எழவில்லை. ஆய்வகத்திலேயே இரணஜன்னிக் கிருமி கலந்திருந்தால் பல நாள்களில் அது பெருகி நாற்றம் வீசியிருக்கும்.

மலேரியா ஆய்வால் நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் இவ்வநீதியை வெளிப்படையாக எடுத்துரைத்தார். 1907ஆம் ஆண்டு ஜூலையில் அவரும் நுண்ணுயிரியல் அறிஞர் பலரும் ஹாஃப்கினுக்கு ஆதரவாகக் கையொப்பமிட்ட மடல் இலண்டன் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்தது. அவ்வாண்டே அவர்மீதான பழி நீங்கியது. மூன்று மாதங்களில் மருந்து கண்ட அறிஞர், தாம் குற்றமற்றவர் என்பது ஏற்கப்பட ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நிலைத்த பெயர்

ஹாஃப்கின் மீண்டும் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் பணியேற்றார். ஆனால், தாம் வளர்த்தெடுத்த பம்பாய் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு அவருக்கு மறுபடி கிடைக்கவில்லை. ஆய்வின் சிறந்த ஆண்டுகள் வழக்கிலேயே கழிந்திருந்தன. 1925இல் பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயர் சூட்டப்பட்டது. அவர் 1930ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மறைந்தார். அவர்தம் பெயரைத் தாங்கிய அந்நிறுவனம் இன்றும் மும்பையில் இயங்கி வருகிறது.

கொள்ளைநோய் விரைவை வேண்டுகிறது; அறிவியல் கவனத்தை வேண்டுகிறது. தூய்மை செய்யப்படாத ஓர் இடுக்கி 19 உயிர்களைக் கொண்டுபோயிற்று. உண்மையை ஆராயாத ஒரு தீர்ப்பு ஓர் அறிஞரின் பணியை முடக்கிற்று. நெருக்கடிக் காலத்திலும் கையில் தூய்மையும் தீர்ப்பில் நிதானமும் வேண்டும் என்பதை ஹாஃப்கினின் வாழ்க்கை உணர்த்துகிறது.