கரை சேர நாற்பதாண்டு

1748ஆம் ஆண்டு மார்ச் மாதம். வட அட்லாண்டிக் பெருங்கடலில் இங்கிலாந்தை நோக்கி வந்துகொண்டிருந்த கிரேஹவுண்ட் என்னும் வணிகக் கப்பலை இரவில் பெரும்புயல் தாக்கியது. பக்கவாட்டுப் பலகைகள் பெயர்ந்து கடல்நீர் உட்புகுந்தது. கப்பலில் இருந்தோர் விடிய விடிய நீரை இறைத்துக் கொட்டினர். அவர்களுள் ஒருவர் 22 வயது இளைஞரான ஜான் நியூட்டன். கடவுளைப் பழிப்பதில் மாலுமிகளே முகம் சுளிக்கும் அளவுக்கு வாய்த்துடுக்கு மிக்கவர் அவர். அன்றோ, தம்மையும் அறியாமல் இறைவனின் இரக்கத்தை நாடும் சொல்லொன்றை உதிர்த்தார். மறுநாள் நண்பகலுக்குப்பின் சுக்கானைப் பற்றி நள்ளிரவுவரை நின்றார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் அந்நாளைத் தாம் மீண்ட நாளாக நினைவுகூர்ந்தார்.

நியூட்டன் 1725ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தவர். மறைநூலை ஊட்டி வளர்த்த அன்னை, அவருக்கு ஏழு வயது நிறைவதற்குள் காசநோயால் மறைந்தார். கப்பல் தலைவரான தந்தையுடன் பதினொன்றாம் வயதில் கடலேறினார். பின்னர்க் கடற்படையில் வலிந்து சேர்க்கப்பட்டார். அங்கிருந்து தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி பெற்றார். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வணிகர் ஒருவரிடம் ஏவலாளாகச் சேர்ந்தபோது அவர் நிலை மேலும் தாழ்ந்தது. நோயுற்றுக் கிடந்த அவருக்கு உணவும் நீரும் முறையாகக் கிடைக்கவில்லை. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த அடிமைகள் தமக்குக் கிடைத்த சிறிதளவு உணவிலிருந்து மறைவாக ஒரு பங்கை அவருக்கு அளித்தனர். அவர்தம் பெயர்கள் எவ்வேட்டிலும் இல்லை.

புயலுக்குப் பிந்திய நியூட்டன் பழிச்சொல் பேசுவதை விட்டார். மறைநூல் கற்றார், நாள்தோறும் இறைவேண்டல் செய்தார். எனினும், அடுத்த சில ஆண்டுகளில் அவர் மேற்கொண்ட தொழில் வாசகரைத் திகைக்கச் செய்வது. 1750ஆம் ஆண்டு முதல் 1754ஆம் ஆண்டுவரை மூன்று பயணங்களில் அவர் அடிமைக் கப்பலின் தலைவராகப் பணியாற்றினார். மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். கீழ்த்தளத்திலோ, ஆப்பிரிக்க மக்கள் ஒருவர் புரண்டால் அடுத்தவரும் துன்புறும்படி நெருக்கமாக அடைக்கப்பட்டிருந்தனர். ஒருமுறை கலகம் மூளும் என ஐயுற்று, சிறுவர்களின் கட்டைவிரல்களைத் திருகுக் கருவியில் இட்டு உண்மையை வரவழைத்ததைத் தம் நாட்குறிப்பில் அவரே பதிந்துள்ளார். அக்காலத்து இங்கிலாந்தில் இத்தொழிலை இழிவாகக் கருதியோர் சிலரே. அவ்வுண்மை அவர் செயலை விளக்கலாம். கீழ்த்தளத்தில் கிடந்தோரின் துயரை அது குறைக்காது.

புதுப்பிறப்பு என்பதைக் கிறித்தவ மரபு ஆவியால் நிகழும் பிறப்பாகக் கருதுகிறது. பிறந்த குழவி உடனே நடப்பதில்லை. புயலுக்குப் பின்னரும் நெடுங்காலம்வரை தம்மை முழுமையான நம்பிக்கையாளராகக் கருத இயலாதென நியூட்டனே பிற்காலத்தில் எழுதினார்.

1754ஆம் ஆண்டு, அடுத்த பயணத்திற்கு ஆயத்தமான வேளையில், திடீரென வலிப்பு நோய் கண்டு வீழ்ந்தார். அத்துடன் கடல்வாழ்க்கை முடிந்தது. மனச்சான்று உறுத்தியதால் அவர் தொழிலை விடவில்லை, உடல்நலிவே விலக்கியது. பின்னர் லிவர்பூல் துறைமுகத்தில் சுங்கப் பணியில் சேர்ந்தார். பள்ளிக்கல்வி மிகக் குறைவாகவே பெற்றிருந்த அவர் கிரேக்கமும் எபிரேயமும் தாமே பயின்றார். குருத்துவப் பணிக்கு விண்ணப்பித்தபோது ஏற்க மறுத்தனர். ஆண்டுகள் பல காத்திருந்து, 1764ஆம் ஆண்டில் ஓல்னி என்னும் சிற்றூரின் குருவானவரானார். பின்னல் வேலையால் பிழைத்த எளிய மக்கள் நிறைந்த ஊர் அது. மனநோயால் வாடிய கவிஞர் வில்லியம் கூப்பருக்கு அங்கு உற்ற துணையாக விளங்கினார். 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டு வழிபாட்டிற்காக அவர் இயற்றிய பாடலே இறையருளின் வியப்பைப் போற்றும் பாடலாக இன்று உலகெங்கும் பாடப்படுகிறது.

1785ஆம் ஆண்டின் இறுதியில், இலண்டனில் பணியாற்றிய நியூட்டனைக் காண இளம் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பிறர் அறியாதவாறு வந்தார். அவரே வில்லியம் வில்பர்போர்ஸ். ஆன்மிக விழிப்புற்றிருந்த அவர், அரசியலைத் துறப்பதா என்று தடுமாறினார். இருக்கும் இடத்திலேயே இறைவனுக்குப் பணிசெய்யுமாறு நியூட்டன் அறிவுறுத்தினார். அவ்விளைஞர் பின்னாளில் அடிமை வணிகத்திற்கு எதிரான போராட்டத்தின் தலைவரானார்.

அப்போராட்டத்திற்குச் சான்றுகள் தேவைப்பட்டன. அடிமைக் கப்பலின் கீழ்த்தளத்தை அறிந்த குருவானவர் வேறு எவர் இருந்தார்? நியூட்டன் மௌனமாக இருந்திருக்கலாம். 60 வயதைக் கடந்திருந்தார், புகழும் பெற்றிருந்தார். ஆயினும் 1788ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். தாம் கண்டவற்றோடு, தாமும் அதில் பங்குகொண்டதையும் மறைக்காமல் எழுதினார். இவ்வொப்புதல் காலம் கடந்து வருகிறது என்பதையும் அதிலேயே குறிப்பிட்டார். புயல் நிகழ்ந்து அப்போது சரியாக நாற்பதாண்டுகள் ஆகியிருந்தன. அந்நூலின் படிகள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டன. அரசின் விசாரணைக் குழுவின் முன்னும் நாடாளுமன்றக் குழுவின் முன்னும் அவர் நேரில் சான்றளித்தார்.

வில்பர்போர்ஸ் கொணர்ந்த முன்வரைவுகள் பலமுறை தோற்றன. 1807ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரித்தானியப் பேரரசில் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் ஒப்புதல் பெற்றது. அப்போது நியூட்டனின் கண்ணொளி பெரிதும் மங்கியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள், 82ஆம் வயதில் அவர் காலமானார். தம் கல்லறை வாசகத்தை அவர் முன்னரே எழுதி வைத்திருந்தார். கப்பல் தலைவர் என்னும் பதவி அதில் இடம்பெறவில்லை. ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஏவல் செய்தவர் என்றே தம்மைக் குறித்திருந்தார்.